பின்னோன் வேண்டும் விகற்பம்: வாசகர் வட்ட நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களே,

வணக்கம். நூலக மாடியிலும் பள்ளிக்கூட வகுப்பறையிலும், சில ஊர்களில் யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடியிலும் மாதம் ஒருமுறை கூடி நாவல்களைப் பேசுகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நானும் உங்களில் ஒருத்திதான். கரிசல்காட்டு ஊர் ஒன்றில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் ஆரம்பம் முதல் இருக்கிறேன். அதனால் இதில் நான் சொல்கிற குறை எனக்கும் சேர்த்துத்தான்.

போன மாதக் கூட்டத்துக்கு ஒரு பையன் முதல் தடவையாக வந்திருந்தான். பாலிடெக்னிக் படிக்கிறவன். கடைசி நாற்காலியில் உட்கார்ந்து எல்லார் பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்தான். முடிகிற நேரத்தில் எழுந்து, 'அசுரன்' படத்தைப் பல தடவை பார்த்திருப்பதாகவும், அது ஒரு நாவலிலிருந்து வந்தது என்று தெரிந்ததும் 'வெக்கை'யைத் தேடி வாங்கியிருப்பதாகவும், இனிமேல்தான் படிக்கப்போவதாகவும் சொன்னான். பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கூடக் காட்டினான். உடனே எங்களில் மூத்தவர் ஒருவர், "படத்தை மறந்துட்டுப் படிப்பா. நாவலைக் கெடுத்துத்தான் அதை எடுத்திருக்காங்க" என்றார். இன்னொருவர், "தமிழ்ல எந்த நாவலை உருப்படியா எடுத்தாங்க?" என்றார். அப்புறம் ஆளுக்கொரு படத்தின் பெயரைச் சொல்லித் திட்ட ஆரம்பித்தார்கள். பையன் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நானும் அப்போது வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை.

அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். புத்தகத்தை விட்டு வெகுதூரம் விலகிப்போன படங்கள் பலவற்றை நான் மனசார ரசித்திருக்கிறேன். அந்தப் புத்தகங்களையும் அதே அளவு நேசிக்கிறேன். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

'முள்ளும் மலரும்' படத்தை எடுத்துக்கொள்வோம். உமாசந்திரன் எழுதிய நாவல் அது. கல்கி பத்திரிகையின் வெள்ளிவிழாவையொட்டி 1966-இல் நடந்த நாவல் போட்டியில் முதல் பரிசு வாங்கி, தொடராக வந்தது. 1978-இல் மகேந்திரன் அதைத் தன் முதல் படமாக எடுத்தார். நாவலின் சம்பவங்களில் பெரும்பகுதியை அவர் எடுத்துக்கொள்ளவே இல்லை. மலையில் வண்டியை ஏற்றி இறக்கும் விஞ்ச் ஓட்டுகிற ஒரு முரட்டு அண்ணன், அவனே உலகம் என்று வளர்ந்த தங்கை, இடையில் வந்து நிற்கும் இன்ஜினீயர். இவ்வளவுதான் அவருக்குத் தேவைப்பட்டது. நாவலில் அந்த அண்ணன் காளி கையை இழப்பது புலியால். படத்தில் லாரி ஏறிக் கை போகிறது. கேட்பதற்குச் சின்ன மாற்றம் மாதிரி இருக்கும். ஆனால் புலியிடம் கையைக் கொடுத்தவன் ஊருக்கு ஒரு வீரன். வேலையில் சஸ்பெண்ட் ஆகி, குடித்துவிட்டு ரோட்டில் கிடந்து கையைக் கொடுத்தவனுக்கு அந்தப் பெருமை இல்லை. அவனுக்கு மிச்சம் இருப்பது வீம்பு மட்டும்தான். ரஜினிகாந்தின் காளி அந்த வீம்பை வைத்துக்கொண்டுதான் கடைசிவரை நிற்கிறான். தங்கை ஊரையே விட்டுவிட்டு அண்ணனிடம் ஓடிவருகிற அந்த முடிவில், அவளைக் கையோடு கூட்டிப்போய் இன்ஜினீயரிடம் ஒப்படைக்கும்போதும், உங்களை இப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் ஒப்படைக்கிறான். அதைக் கேட்டு நான் அழுதது எத்தனை தடவை என்று கணக்கு இல்லை.

மகேந்திரன் அதுவரை வசனகர்த்தாவாகப் பேர் வாங்கியிருந்தவர். அவரே தன் படத்தில் வசனத்தைக் குறைத்துக்கொண்டார். பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவும் இளையராஜாவின் இசையும் அந்த மௌனத்தை நிரப்பின. பக்கம் பக்கமாக எழுதப்பட்ட ஒரு தொடர்கதையிலிருந்து, பேச்சைக் குறைத்த ஒரு படம் வந்தது. மூலத்திலிருந்து இதைவிட தூரமாக ஒருவர் போக முடியுமா என்று கேட்டால், அடுத்த வருஷமே அவர் போய்க் காட்டினார்.

1979-இல் வந்த 'உதிரிப்பூக்கள்' படத்துக்கு வேர், புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'. அதை மகேந்திரன் ஒருபோதும் மறைக்கவில்லை. கதையைப் படித்தவர்களுக்குத் தெரியும், அதில் சுந்தரவடிவேலு ஒரு பேராசிரியர். மனைவியை இழந்தவர். இரண்டு குழந்தைகள். அந்த வீட்டுக்குள் இரண்டாம் தாரமாக வருகிறாள் சின்ன வயசுப் பெண் மரகதம். புதுமைப்பித்தன் அந்த வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து, ஆட்களின் மனசுக்குள் புகுந்து எழுதுகிறார். மகேந்திரனோ அந்தப் பெயரை மட்டும் தூக்கிக்கொண்டு ஒரு கிராமத்துக்குப் போய்விட்டார். அவருடைய சுந்தரவடிவேலு, ஊரில் பள்ளிக்கூடத்தை நிர்வகிக்கிற பெரிய மனிதன். மனைவி லட்சுமி நோயாளியாக உயிரோடு இருக்கும்போதே அவளுடைய தங்கையைக் கேட்கிறவன். அடுத்தவர் சந்தோஷத்தைப் பார்க்கப் பொறுக்காதவன். கடைசியில் ஊரே திரண்டு அவனை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகிறது. தண்ணீருக்குள் இறங்கும் முன்னால், உங்கள் எல்லோரையும் என்னைப்போல் ஆக்கிவிட்டேனே என்று அவன் சொல்வான். அப்புறம் அந்த இரண்டு குழந்தைகளும் ஆற்றோரமாக நடந்துபோகும்.

இதில் எதுவும் 'சிற்றன்னை'யில் இல்லை. ஆற்றங்கரை இல்லை, ஊர்க்கூட்டம் இல்லை, அந்தத் தீர்ப்பும் இல்லை. ஆனால் தாயில்லாப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கும்போது ஒரு பெரிய மனுஷனுக்கு வரவேண்டிய பதற்றம் இருக்கிறதே, அது இரண்டிலும் உண்டு. கதையைப் படித்து முடிக்கும்போது என் நெஞ்சில் எந்த இடம் வலித்ததோ, படம் முடியும்போதும் அதே இடம்தான் வலித்தது. புதுமைப்பித்தன் 1948-இலேயே போய்விட்டார். இருந்து பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிப்பதுண்டு. எனக்கென்னவோ, கதையை வரிவரியாகப் படம்பிடித்திருந்தால்தான் அவர் எழுந்து வெளியே போயிருப்பார் என்று தோன்றுகிறது.

சரி, இதற்கெல்லாம் நம் மொழியில் இடம் உண்டா? உண்டு. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நன்னூல் பாயிரம், அதாவது அந்த இலக்கண நூலின் முன்னுரை, நடத்திய காலமெல்லாம் நானே வாயால் சொல்லி, கரும்பலகையில் எழுதிப்போட்டும், இந்தப் படங்களோடு சேர்த்து யோசிக்காமல் விட்ட சூத்திரம் ஒன்று இருக்கிறது. நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாகப் பிரிக்கிறார். வழிநூலுக்கு அவர் சொல்லும் இலக்கணம்:

முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப்
பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி
அழியா மரபினது வழிநூ லாகும்.

முன்னால் எழுதியவருடைய நூலின் முடிந்த கருத்தோடு ஒத்துப்போக வேண்டும். அதே சமயம், பின்னால் வருகிறவன் தான் விரும்புகிற மாறுபாடுகளைச் சொல்லலாம். "பின்னோன் வேண்டும் விகற்பம்" என்ற மூன்று சொல்லை நிதானமாகப் படித்துப் பாருங்கள். மாற்றம் பிழையாகப் பொறுத்துக்கொள்ளப்படவில்லை. வழிநூலின் இலக்கணத்துக்குள்ளேயே அது உட்கார்ந்திருக்கிறது. விகற்பம் இல்லாவிட்டால் அது வழிநூலே இல்லை, வெறும் படி.

அடுத்த சூத்திரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. "இருவர் நூற்கும் ஒருசிறை தொடங்கித் திரிபுவே றுடையது புடைநூ லாகும்." முதல்நூலுக்கும் வழிநூலுக்கும் ஏதோ ஒரு பக்கத்தில் மட்டும் ஒத்து, மற்றதில் வேறுபட்டு நிற்பது சார்புநூல். 'முள்ளும் மலரும்' படத்தை வழிநூல் என்று வைத்துக்கொண்டால், 'உதிரிப்பூக்கள்' எனக்குச் சார்புநூலாகத்தான் தெரிகிறது. ஒருசிறை தொட்டுக்கொண்டு, திரிபு வேறாகி நிற்கிறது. 13-ஆம் நூற்றாண்டுப் புலவர் சினிமாவுக்காக இதை எழுதவில்லைதான். ஆனால் ஒரு படைப்பிலிருந்து இன்னொரு படைப்பு பிறக்கும் விதத்தை நம்மவர்கள் எவ்வளவு தாராள மனசோடு பார்த்திருக்கிறார்கள் என்பது இதில் தெரிகிறது. நாமோ முதல்நூல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறோம்.

கம்பனை நாம் எப்படிப் படிக்கிறோம்? வால்மீகியின் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிக்கொண்டு போகிறான். கம்பன் அவனை அவளைத் தொடவிடவில்லை. பர்ணசாலையோடு, நின்ற நிலத்தோடு பெயர்த்து எடுத்துப்போக வைக்கிறான். யுத்த காண்டத்தில் வரும் இரணியன் வதைப் படலம் வால்மீகியில் கிடையாது. கம்பன் கழகங்களில் இந்த இடங்களுக்குத்தான் கைதட்டல் அதிகம். அங்கே விலகலைக் கொண்டாடுகிற அதே வாய், திரையரங்கை விட்டு வெளியே வந்ததும் "மூலத்துல இப்படி இல்லையே" என்கிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

எழுத்தாளர்களே தங்கள் கதையை விட்டு விலகியிருக்கிறார்கள். ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966-இல் ஆனந்த விகடனில் வந்தபோது, கெடுக்கப்பட்டு வீடு திரும்பிய மகளைத் தாய் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி ஏற்றுக்கொள்கிற முடிவு பெரிய சண்டையைக் கிளப்பியது. ஜெயகாந்தன் என்ன செய்தார்? அதே மழை, அதே கார், அதே பெண். தாய் மட்டும் அலறி ஊரைக் கூட்டிவிட்டால் அவள் வாழ்க்கை என்னவாகும் என்று கேட்டு, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதினார். முதலில் எழுதிய சிறுகதையையும் அந்த நாவலுக்குள்ளேயே ஒரு பத்திரிகைக் கதையாக வைத்து, நாயகி கங்காவைப் படிக்கவைத்தார். அதற்குத்தான் 1972-இல் சாகித்ய அகாதெமி பரிசு. 1977-இல் பீம்சிங் படமாக எடுத்தபோது திரைக்கதையையும் ஜெயகாந்தனே எழுதினார். அந்தப் படம் நாவலுக்கு நெருக்கமாக இருப்பது உண்மை. லட்சுமியின் நடிப்புக்காக இன்றைக்கும் பார்க்கலாம். நெருக்கமாக இருக்கும் படங்கள் நன்றாக இருக்காது என்று நான் சொல்லவரவில்லை. நெருக்கம் ஒரு வழி, விலகல் இன்னொரு வழி, அவ்வளவுதான்.

வெளியே போய்ப் பார்த்தாலும் இதே சண்டைதான். தாகூரின் 'நஷ்டநீர்' 1901-இல் வந்தது. கடைசியில் கணவன் பூபதி ஊரைவிட்டுப் போகும்போது மனைவி சாரு தன்னையும் கூட்டிப்போகச் சொல்கிறாள். அவன் தயங்குகிறான். அப்புறம் வா என்கிறான். வேண்டாம், இருக்கட்டும் என்று அவள் சொல்லிவிடுகிறாள். சத்யஜித் ராய் 1964-இல் 'சாருலதா' எடுத்தபோது, நீண்டு ஒன்றையொன்று தொடப்போகிற இரண்டு கைகளை அப்படியே உறையவைத்து முடித்தார். கதையை மாற்றிவிட்டார் என்று வங்காள விமர்சகர் ஒருவர் பத்திரிகையில் எழுத, ராய் ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் சொல்லி விரிவாகப் பதில் எழுதினார். தாகூரின் "இருக்கட்டும்" என்ற ஒரு சொல்லுக்கு ஈடாக ராய் கண்டுபிடித்தது அந்தத் தொடாத கைகள். சொல்லில் நிற்கும் தயக்கத்தைக் கண்ணால் பார்க்க வைப்பதற்கு வேறு என்ன வழி இருந்திருக்கும் என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை.

இங்கிலீஷ் படம் பார்க்கிறவர்களுக்கு ஸ்டீபன் கிங் கதை தெரிந்திருக்கும். 1977-இல் வந்த அவருடைய 'தி ஷைனிங்' நாவலை ஸ்டான்லி குப்ரிக் 1980-இல் தன் இஷ்டத்துக்கு மாற்றி எடுத்தார். நாவலில் ஹோட்டல் கொதிகலன் வெடித்து எரிந்துபோகும். படத்தில் வேலிப் புதிரில் நாயகன் பனியில் உறைந்து சாகிறான். கிங்குக்குப் பிடிக்கவே இல்லை. 1997-இல் தானே திரைக்கதை எழுதி, நாவலை ஒட்டித் தொலைக்காட்சித் தொடராகக் கொண்டுவந்தார். இன்று உலகம் திரும்பத் திரும்பப் பார்ப்பது குப்ரிக்கின் படத்தைத்தான். எழுதியவருடைய மனக்கசப்பு உண்மையானது. படத்தின் உயரமும் உண்மையானது.

லேசான மனசோடு பார்க்கிற படங்களிலும் இது நடக்கிறது. ஜேன் ஆஸ்டின் 1811-இல் வெளியிட்ட ஒரு நாவலின் அக்கா தங்கையை ராஜீவ் மேனன் 2000-இல் காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீட்டில் குடிவைத்தார். ஃப்ளானல் சட்டை போட்ட கர்னல், போரில் காலை இழந்த மேஜர் பாலாவாக மம்மூட்டி உருவத்தில் வந்தார். 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு ஆஸ்டின் பெயர்கூடத் தெரியாது. வருஷங்கள் கழித்து மொழிபெயர்ப்பில் படித்தபோது, தெரிந்த வீட்டுக்குப் பழைய வாசல் வழியாக நுழைந்த மாதிரி இருந்தது.

இப்போது 'வெக்கை'க்கு வருகிறேன். நம் கூட்டத்தில் அன்று பேசப்பட்டது அதுதான். எங்கள் மண்ணைப் பற்றிய நாவல் என்பதால் எனக்கு அதன்மேல் தனி உரிமையும் உண்டு.

பூமணி 1982-இல் எழுதிய அந்த நாவல், பதினைந்து வயசுச் சிதம்பரம் வடக்கூரானை வெட்டிவிட்டு ஓடுவதில் தொடங்குகிறது. கையை மட்டும் வெட்டத்தான் நினைத்தான், ஆள் போய்விட்டான். அண்ணனைக் கொன்றதற்குப் பழி. அதற்கப்புறம் நாவல் முழுக்க அய்யாவும் மகனும் காட்டுக்குள் ஒளிந்து திரிவதுதான். எங்கே தண்ணீர் கிடைக்கும், எதைச் சமைப்பது, எந்தப் பாறைமேல் படுப்பது. கடைசியில் கோர்ட்டில் சரணடையக் கிளம்புகிறார்கள். அந்தக் குடும்பத்தின் சாதி எதுவென்று பூமணி ஓரிடத்திலும் சொல்லவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. கரிசல் வெயிலும் காட்டுப் பழங்களும் அய்யாவின் பேச்சும்தான் நாவல். அதைப் படித்து முடித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு கொலையைச் செய்த பிள்ளை, காட்டில் அய்யாவோடு அலைந்த நாட்களில்தான் முதன்முதலாகச் சந்தோஷமாக இருந்தானோ என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவே இல்லை.

வெற்றிமாறன் 2019-இல் எடுத்த 'அசுரன்' இந்த நாவலைத் தலைகீழாகப் புரட்டிவிட்டது என்று நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. மகனின் கதை தகப்பன் கதையாகிவிட்டது. பணிந்துபோகிறவன், குடிக்கிறவன், மகனே மதிக்காதவன் என்று காட்டப்படும் சிவசாமிக்கு ஒரு பழைய வாழ்க்கை கொடுக்கப்பட்டது. அந்த ஃப்ளாஷ்பேக் முழுவதும் நாவலுக்கு வெளியே இருந்து வந்தது. பஞ்சமி நிலம் வருகிறது. 1890-களில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டு, பின்னால் கைமாறிப்போன நிலம் அது. குடிசைகளை ஆட்களோடு கொளுத்துகிற காட்சி வருகிறது. அதைப் பார்க்கும்போது 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் எரிந்துபோன 44 பேரை நினைக்காத தமிழர் யார்? பூமணி சொல்லாமல் விட்டதையெல்லாம் வெற்றிமாறன் சொல்லிவிட்டார். சொல்லாமல் விட்டதுதான் நாவலின் அழகு என்பது உங்கள் வாதம். எனக்கும் அந்த மௌனம்தான் பிடிக்கும். படத்தின் சண்டைக்காட்சிகள் எனக்கு நீளமாகப் பட்டன. தனி ஒருவனாக அத்தனை பேரைச் சாய்க்கும் சிவசாமி, நாவலின் அய்யாவிடமிருந்து ரொம்ப தூரத்தில் நிற்கிறார்.

ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். ஒரு வாசகன் தனியாக உட்கார்ந்து படிக்கும்போது மௌனம் வேலை செய்யும். சாதியைச் சொல்லாமல் விட்டாலும் அவன் கண்டுபிடிப்பான், அல்லது கண்டுபிடிக்காமல் அந்த அய்யாவைத் தன் அய்யாவாக நினைத்துக்கொள்வான். முன்னூறு நானூறு பேர் உட்கார்ந்திருக்கும் கொட்டகையில் அதே மௌனம், சௌகரியமாக மறந்துபோவதற்கு இடம் கொடுத்துவிடும். வெற்றிமாறன் அந்த இடத்தை அடைத்தார். கடைசியில் சிவசாமி மகனிடம் படிப்பைப் பற்றிச் சொல்கிறாரே, காட்டைப் பிடுங்கலாம், காசைப் பிடுங்கலாம், படிப்பைப் பிடுங்க முடியாது என்று, அது நாவலில் இல்லாத பேச்சு. முப்பது வருஷம் வகுப்பறையில் நின்ற எனக்கு அந்தக் காட்சியில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எத்தனை பிள்ளைகள் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போய், பாதியில் நின்றுபோன பெயர்களாக என் வருகைப் பதிவேட்டில் இருந்தார்கள்! பூமணியே இயக்கிய 'கருவேலம்பூக்கள்' படம் அந்தப் பிள்ளைகளைப் பற்றியதுதான். ஆக, 'வெக்கை'யிலிருந்து விலகிய 'அசுரன்', பூமணி வேறிடத்தில் பட்ட கவலைக்குப் போய்ச் சேர்கிறது. முடிபு ஒருங்கு ஒத்து என்று பவணந்தியார் சொன்னது இந்த மாதிரி இடங்களையும் சேர்த்துத்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

'விசாரணை'யில் வெற்றிமாறன் செய்தது இன்னும் துணிச்சல். கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் குண்டூர் போலீஸ் காவலில் பட்ட சித்திரவதையை 'லாக்கப்' என்ற நூலாக எழுதினார். படத்தின் முதல் பாதி அந்த நூல். இரண்டாம் பாதி நூலில் இல்லாதது. அவர்கள் தமிழ்நாட்டுக்கு வந்து, இங்கே ஒரு போலீஸ் நிலையத்தில் கண்ணால் பார்க்கக்கூடாத ஒன்றைப் பார்த்துவிட்டு, உயிரை விடுகிறார்கள். நூலை எழுதியவர் உயிரோடு இருக்கிறார். படத்தில் அவர் இடத்தில் இருந்தவன் பிழைக்கவில்லை. இதைவிடப் பெரிய விலகல் இருக்க முடியுமா? ஆனால் லாக்கப்பிலிருந்து எழுதுவதற்கு வெளியே வந்தவர் ஒருவர் என்றால், வராமலே போனவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணம் அந்த இரண்டாம் பாதியில்தான் எனக்கு வந்தது. நூலை மறுபடி எடுத்துப் படித்தபோது ஒவ்வொரு பக்கத்திலும் அந்த வராதவர்கள் இருந்தார்கள்.

எனக்கு வருத்தமே இல்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்துக்கு 2022-இல் எங்கள் தெருவே வேன் பிடித்துப் போனது. என் அம்மா கல்கியிலிருந்து கிழித்துத் தைத்து வைத்திருந்த பைண்டு புத்தகத்தில்தான் நான் அந்த நாவலைப் படித்தேன். அடுத்த வருஷம் இரண்டாம் பாகமும் பார்த்து முடித்தபோது, மணிமேகலை வரவே இல்லை என்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. சேந்தன் அமுதன் யார் என்கிற பெரிய முடிச்சையும் விட்டுவிட்டார்கள். ஐந்து பாக நாவலை ஐந்தரை மணி நேரத்துக்குள் அடக்க யாரையாவது விடத்தான் வேண்டும் என்று அறிவுக்குத் தெரிகிறது. வந்தியத்தேவனுக்காக உருகிப்போன அந்தப் பெண்ணை விட்டதை மனசு இன்னும் ஏற்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து நான் செய்த முதல் காரியம், ஐந்தாம் பாகத்தை எடுத்து அவள் வருகிற அத்தியாயங்களைப் படித்தது. படத்தில் இல்லாததால் அவள் புத்தகத்திலிருந்து காணாமல் போய்விடவில்லை. அம்மா ஊசி நூலால் தைத்த பக்கங்களில் அப்படியே இருக்கிறாள்.

விலகலுக்கு எல்லையே கிடையாதா என்றால், உண்டு. ஆட்களின் பெயரையும் தலைப்பையும் வைத்துக்கொண்டு, எழுதியவர் எதற்காக எழுதினாரோ அதற்கு நேர் எதிராக ஒன்றைச் சொன்னால் அது வழிநூலும் இல்லை, சார்புநூலும் இல்லை. சட்டமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தன் நாவலைப் படமாக்கிய விதத்தை எதிர்த்து டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனார். 1986-இல் வந்த அந்தத் தீர்ப்பு, ஊடகம் மாறும்போது மாற்றங்கள் வேண்டியிருக்கும் என்பதை ஒத்துக்கொண்டது. அதே சமயம், எழுதியவர் பெயருக்குப் பங்கம் வரும்படி படைப்பைச் சிதைக்கக்கூடாது என்றும் சொன்னது. பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு எழுத்தாளருக்குக் கொடுக்கும் காப்பு அது. அதே மன்னு பண்டாரியின் இன்னொரு கதையைத்தான் பாசு சாட்டர்ஜி 1974-இல் 'ரஜ்னிகந்தா'வாக எடுத்தார். எத்தனை அழகான படம்!

நாம் உண்மையாகவே கோபப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. நம் கூட்டங்களில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நன்னூல் சிறப்புப் பாயிரத்துக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. "ஆக்கியோன் பெயரே வழியே" என்றுதான் அந்தச் சூத்திரம் தொடங்குகிறது. நூலைச் செய்தவன் பெயர் முதலில். அடுத்ததாகவே, அந்த நூல் எதன் வழி வந்தது என்பது. படத்துக்கு டைட்டில் கார்டுதான் பாயிரம். மாற்றங்களைச் செய்யட்டும், புலியை லாரி ஆக்கட்டும், பேராசிரியரைப் பள்ளி நிர்வாகி ஆக்கட்டும். ஆனால் வழி சொல்லியாக வேண்டும். கதையை எடுத்துக்கொண்டு பெயரை விழுங்குவதும், ஓடி மறைகிற பொடி எழுத்தில் எழுத்தாளர் பெயரைப் போடுவதும், வெள்ளிக்கிழமை படம் வரும்போது சந்தையில் புத்தகம் கிடைக்காமல் இருப்பதும்தான் எழுத்துக்குச் செய்யும் துரோகம். எழுதியவருக்கு உரிய பணம் போய்ச் சேர்ந்ததா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? "புத்தகம் மாதிரி இல்லை" என்று பேசிய நேரத்தில் பாதியை இதற்குச் செலவழித்திருந்தால் நம் எழுத்தாளர்களுக்கு உபயோகமாக இருந்திருக்கும்.

ஆகவே நண்பர்களே, உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஒரு நாவல் படமாக வரும்போது, கூட்டத்தில் இரண்டையும் சேர்த்தே எடுங்கள். என்ன மாறியது என்று பட்டியல் போட்டுவிட்டு நிறுத்திவிடாமல், ஏன் மாறியது, மாறியதால் எது கிடைத்தது, எது போனது என்று பேசுங்கள். ஜெயமோகனின் 'துணைவன்' ஒரு சிறுகதைதான். அதிலிருந்து 'விடுதலை' இரண்டு முழுப் படங்களாக விரிந்திருக்கிறது. தொல்காப்பியர் வழிநூலுக்குச் சொன்ன நான்கு வகையில் ஒன்று விரித்தல். ஒரு மாலை முழுக்கப் பேச அதிலேயே விஷயம் இருக்கிறது. டைட்டில் கார்டில் எழுத்தாளர் பெயர் எங்கே வந்தது என்று பார்த்துச் சொல்ல ஒருவரை நியமியுங்கள். வரவில்லையென்றால் தயாரிப்பாளருக்கு வட்டத்தின் பெயரில் ஒரு கடிதம் எழுதுங்கள். படம் பார்த்துவிட்டுப் புத்தகத்தோடு வருகிறவரை முதல் வரிசையில் உட்காரவையுங்கள்.

அந்தப் பையனை நான் விடவில்லை. விலாசம் விசாரித்து, அவன் அம்மாவிடம் சொல்லி வரச்சொன்னேன். போன வாரம் சாயங்காலம் வந்தான். 'வெக்கை'யைப் படித்து முடித்திருந்தான். எப்படி இருந்தது தம்பி என்று கேட்டேன். கொஞ்ச நேரம் புத்தகத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். "படத்துல அய்யா அவனை எப்பவும் அதட்டிக்கிட்டே இருப்பார் டீச்சர். இதுல அவன் அவ்வளவு பெரிய காரியம் பண்ணிட்டு வந்து நிக்கிறான். அய்யா ஒரு வார்த்தை திட்டலையே. ஏன் டீச்சர்?" என்றான். படத்தைப் பார்க்காமல் வந்திருந்தால் அவனுக்கு இந்தக் கேள்வி தோன்றியிருக்குமா என்று தெரியவில்லை. நாற்பது வருஷத்துக்கும் மேலாக அச்சில் இருக்கிற நாவல், நானும் மூன்று தடவை படித்திருக்கிறேன், எனக்கு அது தோன்றியதில்லை.

பதில் நான் சொல்லவில்லை. பூமணியின் 'பிறகு' நாவலை எடுத்துக் கொடுத்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதே கேள்வியை எழுந்து நின்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். எங்கள் ஊர் நண்பர்கள் அன்றைக்கு அவனைப் பேசவிட வேண்டும்.

அன்புடன்,
கரிசல் ஊரிலிருந்து ஒரு பழைய தமிழாசிரியை